விழுந்த கிளை யாருக்குச் சொந்தம்?

1

“அப்பா, இங்க வா, மரம் மை கக்குது!”

போன மார்ச் கடைசியில் ஒரு மதியம். பள்ளி வேனிலிருந்து இறங்கிய என் மகள் இனியா, சாலை வளைவில் நிற்கும் செஸ்ட்நட் மரத்தடியில் குந்திக்கொண்டு கூப்பிட்டாள். ஆறு வயது. இத்தாலிய மொழியில்தான் கூப்பிட்டாள். அவசரம் என்றால் இப்போதெல்லாம் அவளுக்குத் தமிழ் வருவதில்லை. நான் போய் மண்டியிட்டுப் பார்த்தேன். அடிமரம் மண்ணைத் தொடுகிற இடத்தில் பட்டை வெடித்து, நாக்கு நீட்டியது போல ஒரு கறுப்பு ஈரம். விரலை வைத்தேன். பேனா கசிந்தது போல ஒட்டிக்கொண்டது.

வேனை ஓட்டுகிற மரீசா அக்கா கண்ணாடியை இறக்கி, “என்ன தீனோ, பாம்பா?” என்று கேட்டார். தினேஷ் என்கிற என் பெயரை இந்த மலைக் கிராமம் தீனோ ஆக்கிவிட்டது. அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஐம்பதைத் தொடுகிற வயது. அக்கா என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, நாங்களாக வைத்துக்கொண்டதுதான். நான் விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் புரிந்துவிட்டது. நான் படித்ததே இதைத்தானே. மண்ணுக்குள் ஈரத்தில் நீந்திப் போகிற ஒரு கிருமி. வேரை அழுகவைக்கும், அடிமரத்தில் கறுப்பு நீர் கசியும். இங்கே அதற்குப் பெயரே மை நோய்தான். அதற்கு முந்தைய கோடையில் மரத்தின் இலைகள் எலிக்காது அளவில், மஞ்சளாக இருந்தபோது மழையில்லை, அதனால்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். மழை அல்ல. இவ்வளவு முற்றிய பிறகு செய்வதற்கு அதிகம் ஒன்றும் கிடையாது.

விரலில் அந்தக் கறுப்போடு நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இந்த மரம் போகப்போகிறது. போவதற்குள் இதன் ஒரு துண்டையாவது வேறொரு வேரில் வாழவைத்துவிட வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு வேறு நினைப்பில்லை. நான் எடுத்த ஒவ்வொரு முயற்சியும் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2

திருவொற்றியூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், இவன் எதற்கு ஒரு மரத்துக்காக இப்படிக் கிடந்து அல்லாடுகிறான் என்று கேட்பீர்கள். கேளுங்கள். என் கதையே அந்த ஜாதி மரத்தின் தூளில் ஆரம்பித்ததுதான்.

என் அப்பா மாத்தூர்ப் பக்கம் ஒரு குடோனில் லோடுமேன். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் வரும், மூட்டை இறக்க வேண்டும். உரம், சோடா உப்பு, பிளாஸ்டிக் மணி, எல்லாம் வரும். ஒரு மூட்டை மட்டும் அவருக்கு ஆகாது. காப்பித்தூள் நிறத்தில் ஒரு பொடி, தோல் பதனிடுகிற இடங்களுக்குப் போவது. வேர்வையில் ஒட்டினால் நாக்கு வரைக்கும் துவர்க்கும். இரும்புக் கொக்கியைப் பிடித்த உள்ளங்கை அன்றைக்கு நீலக் கறுப்பாகிவிடும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, “இன்னாடா பொடி இது, கடுக்கா மையாட்டம் கீது, போவவே மாட்டேங்குது” என்பார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மைதான். கடுக்காயில் இருப்பதும் அதே ஜாதிச் சத்து.

அந்த மூட்டையின் மேல் ஒரு மரத்தின் படம் இருக்கும். கல்லூரியில் தாவரவியல் சேர்ந்த புதிதில், ஒரு காலி மூட்டையை வைத்துக்கொண்டு அது என்ன மரம் என்று தேடினேன். செஸ்ட்நட். தேடத் தேட எனக்குப் பித்து பிடித்துக்கொண்டது. கோதுமை விளையாத மலைகளில் ஜனங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்த மரத்தைத் தின்றே உயிரோடு இருந்திருக்கிறார்கள். கொட்டையைப் புகைபோட்டு உலர்த்தி, அரைத்து மாவாக்கிக் களி கிண்டினார்கள். கட்டையில் துவர்ப்பு ஏறியிருப்பதால் மண்ணில் நட்டாலும் லேசில் மக்காது. வேலிக்கால், திராட்சைப் பந்தல்கால், மது அடைக்கும் பீப்பாய், குழந்தைத் தொட்டில் எல்லாம் அதிலேதான். இலையில் பாலாடைக்கட்டியைச் சுற்றி வைத்தார்கள். உதிர்ந்த சருகு மாட்டுக்குப் படுக்கை. கட்டையைச் சிராய்த்துக் கொதிக்கவைத்து, சாறிறக்கி, உலர்த்தினால் அந்தப் பொடி. அது என் அப்பாவின் கை வரைக்கும் வந்திருக்கிறது!

அந்த மலையைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியவன்தான். வனவியல் மேற்படிப்பு என்று இத்தாலிக்கு வந்தேன். படித்து முடித்தபின் ஆபீஸ் வேலை எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பொடியைச் செய்கிற ஆலையிலேயே, மரக்கட்டை வந்து இறங்கும் முற்றத்தில், கட்டையைக் கவ்வித் தூக்குகிற லோடர் வண்டி ஓட்டுநராகச் சேர்ந்தேன். அப்பா அந்தக் கடைசியில் மூட்டை இறக்குகிறார், நான் இந்தக் கடைசியில் கட்டை ஏற்றுகிறேன். அவருக்கு அதில் ஒரே சிரிப்பு. “நீ அங்க ஏத்து, நான் இங்க எறக்குறேன். நடுவுல கப்பலுக்குத்தான்டா கூலி.”

3

மரத்தைச் சொல்லவில்லையே.

இதன் வயதைக் கேட்டால் ஒருவர் எழுநூறு என்பார், ஒருவர் ஆயிரம் என்பார். யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஏனென்றால் எண்ணுவதற்கு நடுவில் வளையமே இல்லை. உள்ளே கூடு. பட்டை மட்டும், பிழிந்த ஈரத்துணி போல முறுக்கிக்கொண்டு மேலே போகிறது. பள்ளிப் பிள்ளைகள் வருடா வருடம் வந்து கைகோத்துச் சுற்றி நிற்பார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் போதாது. ஜூனில் வெளிறிய மஞ்சளில் சரம் சரமாகப் பூக்கும். வாசனை என்று சொல்ல முடியாது, ஆனால் தேனீக்களுக்கு அதுதான் திருவிழா. அக்டோபரில் முள்ளுருண்டை விழும். காசிமேட்டில் வலையோடு வந்து காலைக் குத்துகிற அந்தக் கடல் முள்ளுருண்டை போலவே இருக்கும். அதை மிதித்துப் பிளந்தால் உள்ளே இரண்டோ மூன்றோ கொட்டை, புது ஷூ போலப் பளபளப்பாக.

நாங்கள் இந்தக் கிராமத்துக்கு வந்த முதல் நாள் கடைசிப் பஸ் எங்களை இந்த வளைவில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பேய் மழை. நான், என் மனைவி யமுனா, கைக்குழந்தை இனியா, இரண்டு பெட்டி. கதவு தட்டக்கூட ஒரு வீட்டை அறியோம். மரத்தின் கூட்டுக்குள் நுழைந்து நின்றோம். யமுனா புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வளர்ந்தவள். அந்த நிலைமையிலும், “எங்க வூட்டு கிச்சன விட இது பெருசா கீது. வாடகை எவ்ளோன்னு கேளு” என்றாள். அப்போது சாலையில் வந்த வேனின் விளக்கு எங்கள் மேல் விழுந்தது. மரீசா அக்காவை அப்படித்தான் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இந்த மரத்துக் கொட்டையின் மாவு கொடுத்தார். யமுனா கேழ்வரகுக் களி போலவே கிண்டி, நடுவில் குழி பறித்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். இனிப்புக் களிக்குக் கருவாடா என்று மரீசா அக்கா முதலில் மூக்கைப் பொத்தினார். பிறகு தட்டை நீட்டி இன்னும் கேட்டார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் தவிப்பு புரியாது. இந்த வகைக்கு இந்த ஒரு மரம்தான் மிச்சம். கொட்டையின் உள்தோல் கையால் இழுத்தால் கழன்று வருவது இந்த மலையில் இதில் மட்டும்தான். கொட்டையைப் போட்டால் செஸ்ட்நட் முளைக்கும். இந்த மரம் முளைக்காது. பங்கனப்பள்ளிக் கொட்டையைப் போட்டால் ஏதோ ஒரு மாமரம் வருகிற மாதிரிதான். ஒட்டுக் கட்டினால்தான் அதே மரம். மரீசா அக்காவின் மறைந்துபோன அப்பா கட்டிய ஒட்டுகள் எல்லாம் இந்த மை நோயிலேயே ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

4

மார்ச்சில் மையைப் பார்த்த மறுநாளே ஊருக்கு வீடியோ கால் போட்டேன்.

“இன்னாடா, மூஞ்சி செத்தவன் கணக்கா கீது?” என்றார் அப்பா.

“மரம் ஒண்ணு சாவுது நைனா.”

“அடச்சீ, மரமா! நான் வேலதான் பூட்ச்சின்னு பேஜாராயிட்டேன். ஒரு கொம்ப வெட்டி நட வேண்டியதுதான? நம்ம வூட்டாண்ட முருங்கைய எப்டி வச்சேன்? போத்து வெட்டி நட்டு, மேல சாணி உருண்டைய அப்புனேன். அடுத்த வருசம் தெருவே சாம்பார் வச்சிது.”

“இது வேர் விடாது நைனா. ஒட்டுதான் கட்டணும்.”

“நட்டுப் பாத்தியா?”

“புக்ல கீது.”

“புக்கா நட்டுது? நீ நடுடா.”

கரெண்டுக் கம்பிக்கு இடைஞ்சல் என்று மின்வாரியத்து ஆட்கள் அதே வாரம் மரத்தின் ஒரு தாழ்ந்த கிளையைக் கழித்துப் போட்டிருந்தார்கள். ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை, எனக்கும் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. ஆகவே அந்தக் கிளையையே குச்சி குச்சியாக நறுக்கி நட்டேன். வேர் பிடிக்கவைக்கும் பொடி தடவி, மரீசா அக்காவின் மேட்டு நிலத்தில், மேல்முனையில் மாட்டுச் சாணி உருண்டை வைத்து வரிசையாக நட்டேன். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் சாணித் தொப்பி போட்ட குச்சிகள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நம்மூர் சாமி என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று வாரம் போயிருக்கும், இனியா கத்திக்கொண்டு ஓடி வந்தாள். துளிர்! ஒவ்வொரு குச்சியிலும் மடித்த விசிறி போல இலை பிரிந்துகொண்டிருந்தது. நான் படித்ததையெல்லாம் அந்த இடத்திலேயே மறந்துவிட்டேன். அப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். அம்மா அதைத் தெருக்குழாய்க்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். “எம் புள்ள அந்த ஊர்ல முருங்க வச்சிக்கீறான்” என்று.

மே மாத முடிவில் எல்லாம் ஒரே வாரத்தில் தொங்கிவிட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அடிமுனை வெட்டிய அன்றைக்கு இருந்தது போலவே வழவழவென்று இருந்தது. ஒரு மயிரிழை வேர் இல்லை. குச்சிக்குள் சேமித்து வைத்திருந்ததைச் செலவழித்து இலை விட்டிருக்கிறது, தீர்ந்ததும் நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். புத்தகத்தில் இருக்கிறது.

இனியா பிடுங்கிய குச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “பொழைச்சிருச்சுன்னு சொன்னியே” என்றாள், இத்தாலியில். அதற்குப் பிறகு மேட்டு நிலத்துக்கு அவள் வரவில்லை.

5

அவள் போய்க்கொண்டிருக்கிற தூரத்தை எதில் அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். அவள் புரிந்துகொண்டு இத்தாலியில் பதில் சொல்வாள். திருவொற்றியூரிலிருந்து கால் வந்தால் ஒரு “ஹாய் ஆயா” போட்டுவிட்டு ஓடிவிடுவாள். ஒருநாள் முருங்கை என்றால் என்ன என்று கேட்டாள். விளக்கினேன். படம் காட்டினேன். “இதையா நீங்க கடிச்சுத் துப்புவீங்க?” என்று உதட்டைச் சுளித்தாள். சென்னைக்குக் கடைசியாகப் போனபோது எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் காதைப் பொத்திக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது அப்பாவின் ஊர். இந்த மரம் நிற்கிற வளைவுதான் அவள் ஊர். அவளுடைய ஊரிலும் ஒன்றை என்னால் காப்பாற்றிக் காட்ட முடியவில்லை.

6

அக்டோபரில் மரத்தின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் உச்சியில் ஒரே ஒரு கிளைதான் காய்த்தது.

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. செஸ்ட்நட் பொறுக்குகிற காலத்தில் அடுத்தவர் நிலத்துக் கொட்டையைத் தொட்டால் சண்டைதான். ஆனால் நவம்பரில் புனித மார்ட்டின் திருநாள் அன்று கோயில் மணி அடித்துவிட்டால், அதற்கப்புறம் தரையில் கிடப்பது யாருடைய மரத்துடையதானாலும் பொறுக்குகிறவருக்கே. நிலம் இல்லாத ஏழைகளுக்காக அந்தக் காலத்தில் வந்த வழக்கம். இன்றும் யாரும் மீறுவதில்லை.

மணி அடித்தவுடன் நானும் மரீசா அக்காவும் பையோடு போனோம்.

“மரத்தை உலுக்கலாமா?” என்றேன்.

“உலுக்கினா திருட்டு. குனிஞ்சு எடுத்தா உரிமை.”

“அப்ப உங்க நிலத்துல நான் எடுத்தாலும் நீங்க கேக்க முடியாதா?”

“கேக்க முடியாது. ஆனா மூஞ்சைத் தூக்கி வெச்சுக்குவேன்.”

சிரித்துக்கொண்டே வளைவுக்குப் போனோம். அடிமரத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதம் ஆணி அடித்துத் தொங்கியது. நகராட்சி உத்தரவு. மரம் பட்டுப்போய்விட்டது, சாலைக்கு ஆபத்து, குளிர்காலத்துக்குள் வெட்டப்படும். அடிக்கட்டையும் பெயர்க்கப்பட்டு வளைவு அகலப்படுத்தப்படும். செஸ்ட்நட்டை வெட்டினால் அடிக்கட்டை தழைக்கும், அதன் குணமே அது. இவ்வளவு அழுகிய வேரில் தழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை.

மரீசா அக்கா காகிதத்தை இரண்டு முறை படித்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வழியில் பொறுக்கிய கொட்டையெல்லாம் சரிவில் உருண்டு போயிற்று.

மறுநாள் ஆலையில் எங்கள் மேஸ்திரி ரெமோ என்னைக் கூப்பிட்டான். “அந்தப் பெரிய மரம் நமக்குத்தான் வருது தீனோ. ஜனவரி கடைசியில ஒரு திங்கள்கிழமை. லோடர் நீ.” நான் தலையாட்டினேன். என் ஒப்பந்தம் வசந்தத்தில் முடிகிறது. அதைப் புதுப்பிப்பதற்கு எழுதிக் கொடுக்கிறவன் ரெமோ. ஒப்பந்தம் இருந்தால்தான் எங்கள் மூவருக்கும் இங்கே தங்கும் அனுமதி.

7

ஒட்டுக்குக் குச்சியைக் குளிர்காலத்திலேயே எடுக்க வேண்டும். மரம் தூங்கும்போது வெட்டி, ஈர மணலில் குளிரில் வைத்திருந்து, வசந்தத்தில் பட்டை கழலும் நேரத்தில் கட்ட வேண்டும். கிருமி வேரில்தான், உச்சிக் குச்சியில் இல்லை. ஆகவே வனத்துறை ஆபீசுக்குப் போனேன். பள்ளி விடுமுறை, இனியாவும் கூட வந்தாள்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண். பதற்றத்தில் கிளை என்பதற்குப் பதிலாகக் கை என்று சொல்லிவிட்டேன். மரத்தின் கை ஒன்று வேண்டும் என்று. அவர் சிரிப்பை அடக்கினார். இனியாவின் காது சிவந்தது. “அப்பா, நீ பேசாத. நான் பேசறேன்” என்று நுனிக்காலில் எழும்பி நின்று, மணிமணியாகச் சொன்னாள்.

அந்தப் பெண் கணினியைப் பார்த்தார். “இது பாதுகாக்கப்பட்ட நினைவு மரம். ஒரு குச்சி எடுக்கணும்னாலும் மண்டல ஆபீஸ் அனுமதி வேணும். நிபுணர் வந்து பாக்கணும். கோடைக்குள்ள பதில் வரும்.”

“கோடையில மரமே இருக்காதே!” என்றேன் பொறுக்காமல்.

“ஆமா, வெட்ட உத்தரவு இருக்கு. அது அவசரப் பாதுகாப்பு, மேயர் கையெழுத்து. அது வேற கோப்பு.”

“அப்ப முழு மரத்தை வெட்டலாம், பென்சில் அளவு குச்சியை வெட்டக் கூடாதா?”

“வெட்டுறவங்களுக்கு உத்தரவு இருக்கு. உங்ககிட்ட இல்ல.” கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அனுமதி இல்லாமல் தொட்டால் அபராதம் என்றும், அந்நியர்களுக்கு அது தங்கும் அனுமதியைப் பாதிக்கலாம் என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் சொல்வதை எளிய இத்தாலியில் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த இனியா அந்தக் கடைசி வரியை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது அவளுக்கும் தெரியும்.

வெளியே வந்ததும், “விட்டுடுப்பா. வேற மரம் இருக்கு” என்றாள்.

வேற மரம் இருக்கு. இந்த மலை முழுக்க இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மரத்தை வெட்டுகிற கோப்பில் என் பெயர் இருக்கிறது, லோடர் ஓட்டுநராக. அதைக் காப்பாற்றுகிற கோப்பு என்று ஒன்று எங்கேயும் இல்லை.

8

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“யார்ராது அந்தப் பொம்பள? கீழ கெடக்கறத பொறுக்கக்கூடவா பேப்பர் கேக்குறா?”

“கீழ கெடந்தா கேக்க மாட்டாங்கம்மா. அது இந்த ஊர் வழக்கம். மேல கீறதுக்குத்தான் பேப்பர்.”

“அப்பால இன்னா? வெட்டுனா கீழதான வியும்?”

“வியும். வியுந்ததும் நான்தான் லோடர்ல கவ்வித் தூக்கி லாரில போடணும். நேரா மில்லுக்கு.”

அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அவளுக்குக் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில்தான் பிழைப்பு. ரயில் வேகனிலிருந்து லாரிக்குக் கோதுமை மூட்டை மாறும்போது தரையில் சிந்துகிறதைத் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் புடைத்து எடுத்து வருவார்கள், அவளும் தெருப் பெண்களும். மூட்டையைத் தொடக்கூடாது, கிழிக்கக்கூடாது. சிந்தினது கூட்டுகிறவளுக்கு. அங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை.

“டேய் கண்ணு, நான் சொல்றத கேளு. வேகன்ல கீறப்ப வாட்ச்மேன் பாப்பான். லாரிக்குப் போய்ட்டா கிளீனர் பாப்பான். நடுவுல தரையில கீது பாரு, அந்த நேரத்துல அத்த எவனும் பாக்க மாட்டான். அவன் அங்க பாத்துகினு இருப்பான், இவன் இங்க பாத்துகினு இருப்பான். அந்த நேரம் நம்மளுது.”

பின்னாலிருந்து அப்பா, “இவன் லோடர்ல குந்தினுகீறான். எறங்குனா வண்டி நிக்கும், வண்டி நின்னா மேஸ்திரி கத்துவான்” என்றார்.

“கத்தட்டும். எங்கள எவன் கத்தல? கத்தறவன் கத்திகினே இருப்பான், நாங்க கூட்டிகினே இருப்போம்.”

நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

9

மரீசா அக்காவிடம் ஓடினேன். மார்ட்டின் வழக்கம் குச்சிக்கும் பொருந்துமா?

அவர் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினார். “கொட்டைக்குத்தான் சொல்வாங்க. சுள்ளிக்கும் சொல்லிக் கேட்டிருக்கேன், அடுப்புக்கு. வெட்டி விழுந்த கிளைக்கு யாரும் கேட்டுப் பாத்ததில்ல.”

“கேட்டுப் பாத்தா?”

“நகராட்சிக்காரன் என் சித்தி பையன். அவன் வழக்கத்துக்கு மரியாதை குடுப்பான். வனத்துறை ஆள் வெளியூர். ரெமோ...” கையை விரித்தார்.

யமுனாவிடம் சொன்னபோது அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். “கான்ட்ராக்ட் பூட்டா இன்னா பண்ணுவ? இனியாவ இட்டுக்கினு எங்க போவ?”

“தெரியலமா.”

“தெரியாமத்தான் செய்யப் போறியா?”

“ஆமா.”

தண்ணீர்க் குழாயை மூடினாள். “அப்ப ஒயுங்கா செய். போன தடவ மாதிரி சாணி உருண்ட வேல வேணாம்.”

இன்னொரு சிக்கலும் உண்டு. வெட்டுகிற நேரம் சாலை அடைக்கப்படும். பள்ளி வேன் வளைவிலேயே நிற்க வேண்டியிருக்கும். இனியாவின் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் இருக்கும். நேற்று அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்காகச் சிரமப்பட்டு, வார்த்தை தேடி, தமிழில் சொன்னாள்: “அப்பா, எல்லாரும் பாப்பாங்க. உன்ன திட்டுவாங்க. செய்யாத, ப்ளீஸ்.”

அவளாக என்னிடம் தமிழில் பேசி எத்தனையோ நாளாயிற்று. அது இதற்காகவா வர வேண்டும்? அவள் தலையைத் தடவினேன்.

10

திங்கள்கிழமைக்கு ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

உயிரோடிருக்கும் உச்சிக் கிளையைத்தான் முதலில் இறக்குவார்கள் என்று அறுக்கிற ஆட்களிடம் விசாரித்துவிட்டேன். அது மரீசா அக்காவின் நிலத்துப் பக்கம் விழும். வனத்துறை ஆள் சாலையில் நிற்பார், ரெமோ லாரியின் பக்கம் நிற்பான். போன கோடையில் வளர்ந்த, பென்சில் தடிமனுள்ள, மொட்டு உப்பாத குச்சிகள் எனக்கு வேண்டும். கிழட்டு மரத்தில் அப்படிப்பட்டவை குறைவு. கண்ணை ஓட்டிக் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு கைப்பிடி போதும். ஈரத்துணியில் சுற்றி, வீட்டின் வடக்குச் சுவரோரம் வெயில் படாத பனிக்கடியில் மணல் பெட்டியில் வைக்க வேண்டும். ஏப்ரலில், தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தில், இரண்டு வருடம் முன்பு பொறுக்கிய கொட்டையிலிருந்து மரீசா அக்கா வளர்த்து வைத்திருக்கும் கன்றுகளில் ஒட்டுக் கட்ட வேண்டும். நோய் மண் ஒட்டியிருக்கும் என்பதால் வளைவிலிருந்து வந்த பூட்ஸை அங்கே கொண்டுபோகக் கூடாது. கட்டுவதற்குக் கை பழக வேண்டுமென்று ஒரு வாரமாக வேறு சுள்ளிகளைச் சீவிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கட்டை விரலிலும் பிளாஸ்திரி. ஒரே சாய்வாகச் சீவ இன்னும் வரவில்லை. பத்தில் ஒன்று பிடித்தால் அதிர்ஷ்டம் என்கிறார் மரீசா அக்கா. ஒன்றும் பிடிக்காமலும் போகலாம்.

அதெல்லாம் ஏப்ரலில். முதலில் திங்கள்கிழமை.

கிளை விழும். பனித்தூள் எழும்பி அடங்கும். ரெமோ கையசைப்பான், தூக்கு என்று. நான் லோடரின் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்குவேன். வேன் ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டேன். என்ன நடக்கிறது என்று ரெமோவுக்குப் புரிந்து, அவன் கத்த ஆரம்பிப்பதற்கு எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் அந்தக் கிளை தரையில் கிடக்கும்.